சாராய வண்டிக்கு எந்த எண்ணெய்?

ஒரு டின் எண்ணெய் வாங்க இரண்டு வருஷம் யோசித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பெரம்பலூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். மற்ற விஷயங்களில் அவர் அப்படியொன்றும் யோசிக்கிறவர் இல்லை. அவருடைய மனைவியே சொல்வார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணிட்டாரு டீச்சர். இந்த வண்டிக்கு எண்ணெ முடிவு பண்ணத்தான் இவருக்கு ஆயுசு பத்தல."

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லாருக்கும் அவர் பிரேசில் சார்.

சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட் வேலை. கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து ஸ்பிரிட் காய்ச்சும் பிரிவில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன சமயம். பிரேசில் நாட்டில் கரும்புச் சாராயத்தை ஊற்றிக் கார் ஓட்டுகிறார்கள் என்று எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டார். அன்றோடு பெரம்பலூர் மனிதராக இருப்பதை நிறுத்திக்கொண்டார். ரேஷன் கடை வரிசையில், முடிவெட்டும் கடையில், எழவு வீட்டில்கூட, "பிரேசில்ல இப்படி இல்லீங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். எங்கள் நிறுத்தம் வந்தால் டவுன் பஸ் கண்டக்டர், "பிரேசில்லாம் எறங்கு!" என்று குரல் கொடுப்பார். எந்தக் கோபமும் இல்லாமல் இறங்குவார். வேப்பந்தட்டையைத் தாண்டி உலகம் பார்க்காத அவர் மனைவி, கேட்காமலே பிரேசில் அக்கா ஆகிவிட்டார்.

வெறும் பேச்சோடு விட்டிருந்தால் நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திருச்சியில் ஒருவரிடம் இரண்டு கதவு வைத்த பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். முன்பக்க மூடி மொத்தமாக எழும்பித் திறக்கும். திறந்தால் முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். அந்த வாய்க்குள் பிரேசில் சாரின் தலை இருக்கும். வெளியே வேட்டி மட்டும் தெரியும். வேகம் கூடுவதற்காக எஞ்சினின் மேல்மூடியைச் சீவி மெலிதாக்கினார். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைத்தார். ஸ்பிரிட் அதிகமாகப் பாய்வதற்காக அதன் துளைகளைப் பெரிதாக்கினார். ஆலை மூலம் ஆராய்ச்சி என்று எழுதிப் போட்டுப் பர்மிட்டும் வாங்கிவிட்டார். மெட்ராஸ் பக்கத்தில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். அதில் பெட்ரோல் வண்டிகளையெல்லாம் தன் கரும்பு வண்டி தோற்கடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

சாராயத்தில் ஓடும் வண்டிக்குக் காலையில் எழுந்திருப்பது கஷ்டம். அதில் வியப்பில்லை என்பார் என் கணவர். குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, கார்பரேட்டரின் வாயில் விட்டு, "கண்ணு, எந்திரி" என்பார் பிரேசில் சார். வண்டி இருமும். மறுபடி ஒரு பாலாடை. மறுபடி இருமல். பிறகு திடீரென்று ஒரு கர்ஜனை. எங்கள் வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருக்கும் காக்கை முதல் கோனேரிப்பாளையத்துக் காக்கை வரை எழுந்து பறக்கும்.

இதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. எண்ணெய்தான் பிரச்சினை.

ஒருநாள் என்னை வழிமறித்து விளக்கினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் மணி அடித்துவிட்டது.

"எஞ்சினுக்குள்ள எண்ணெங்கிறது மெல்லிசுத் துணி மாதிரி டீச்சர். இரும்பும் இரும்பும் தொட்டுக்காம நடுவுல படுத்திருக்கும். பெட்ரோல் அதை ஒண்ணும் பண்ணாது. ஸ்பிரிட்டு என்ன பண்ணும் தெரியுமா? எரியாம மிஞ்சுற ஸ்பிரிட்டு செவுத்துல வழிஞ்சு அந்தத் துணியத் தொவைச்சு எடுத்துட்டுப் போயிடும். போறது போவட்டும்னா, கூடவே தண்ணியையும் கூட்டிக்கிட்டுக் கீழ எண்ணெத் தொட்டியில போய் ஒக்காந்துக்கும். அப்புறம் அது எண்ணெயா? மோரு!"

"கெட்டியான எண்ணெயா ஊத்திடுங்களேன் சார்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கதான் சிக்கலே. கெட்டியா ஊத்துனா காலைல ஸ்டார்ட் பண்றப்ப மேல ஏறாது. ஏறுறதுக்குள்ள இரும்பு தேஞ்சிடும். மெல்லிசா ஊத்துனா சீக்கிரம் ஏறிடும், ஆனா ஸ்பிரிட்டு கலந்து இன்னும் மெல்லிசாயி, வேகத்துல போறப்ப கைய விட்டுடும். முப்பதாம் நம்பரா, நாப்பதா, அம்பதா?" என்று என்னையே கேட்டார். அதற்குள் இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.

எஞ்சினில் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு கம்பி உண்டு. டிப்ஸ்டிக் என்பார்கள். உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பழந்துணியில் துடைப்பார்கள். பிரேசில் சார் தன் வெள்ளை வேட்டியின் இடது ஓரத்தில் துடைப்பார். கெமிஸ்ட் அல்லவா? வெள்ளைத் துணியில் எண்ணெய் ஊறிப் பரவும் விதத்தை வைத்தே அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, கரி சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என்பார். இதைச் செய்யாமல் அவர் வண்டியை எடுத்து யாரும் பார்த்ததில்லை. தெரு முனைக் கடைக்குப் போவதென்றாலும் முதலில் வேட்டியில் பொட்டு வைத்தாக வேண்டும். அந்தப் பொட்டைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அவர் வேட்டியைப் பார்த்தே தெருவில் எல்லாருக்கும் வண்டியின் உடல்நிலை தெரிந்துவிடும். தேன் நிறத்தில் பொட்டு இருந்தால் சார் சந்தோஷமாக இருக்கிறார், நின்று பேசலாம். காப்பி நிறம் என்றால் பரவாயில்லை. மோர் நிறம் என்றால் எதிரில் வராமல் இருப்பது நல்லது. பிரேசில் அக்காதான் பாவம். கிணற்றடியில் வேட்டியை அடித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்துவார்: "ஒவ்வொரு ஊருல பொம்பளைங்க புருஷன் சட்டையில குங்குமம் இருக்கான்னு பாப்பாங்க. என் தலையெழுத்து, எண்ணெ எந்தக் கலர்ல இருக்குன்னு பாத்துத் தொவைக்கிறேன்!"

உள்ளேயிருந்து, "இன்னிக்கு எந்தக் கலரு?" என்று ஆவலோடு பதில் வரும்.

இரண்டு வருஷ ஆராய்ச்சியில் விளக்கெண்ணெய்க் காலம் என்று ஒன்று வந்தது. சாராயத்தில் ஓடும் ரேஸ் வண்டிகளுக்கு வெளிநாட்டில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். ஸ்பிரிட் பட்டாலும் விளக்கெண்ணெய் இரும்பை விட்டு லேசில் இறங்காதாம். துணியைத் துவைக்க விடாதாம். உண்மையாகவே இருக்கலாம். வேப்பந்தட்டைச் செக்கில் சொல்லிவைத்து ஆட்டி வாங்கி வந்தார். பட்டறை பாயைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாய், டின்னை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யா அல்லா! சார், வண்டிக்குப் பேதி குடுக்கப் போறீங்களா?"

"ஊத்துங்க பாய்."

"பழைய எண்ணெய சுத்தமா எடுக்கணும் சார். இல்லைனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. மாமியா மருமவ கதையாயிடும்."

சாருக்குப் பொறுமை இல்லை. ஊற்றச் சொல்லிவிட்டார். பாய் பயந்த மாதிரியே இரண்டும் சேர்ந்து உள்ளே திரிந்துபோயின. பாய் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தார். அப்போது அவர் பேசிய உருதுவைப் புரிந்துகொள்ள எங்கள் தெருவில் ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மறுபடி முறையாக விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் புகையில் விளக்கெண்ணெய் மணம். லீவு நாட்களில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டுவது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தானே? அந்த மணம் தெருவில் நுழைந்ததும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் மறைந்துவிடும். கட்டிலுக்கு அடியில், குதிருக்குப் பின்னால், கோயில் தேர்க் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் பாப்பா ஒருமுறை மாவரைக்கும் கடையில் ஒளிந்து முழுக்க வெள்ளையாக வெளியே வந்தாள். கொஞ்ச நாளில் எண்ணெய் பிசின் மாதிரி இறுகி எஞ்சினே நின்றுபோக, அந்தக் காலம் முடிந்தது. தெருப் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சுவிட்டன.

இன்னொன்று போலீஸ் கதை. எண்ணெயில் சேர்ந்த தண்ணீரும் ஸ்பிரிட்டும் ஆவியாகிப் போக வேண்டுமென்றால் எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். அதற்காக ஞாயிறுதோறும் பாடாலூர் வரை விரட்டிக்கொண்டு போய்த் திரும்புவார். "எண்ணெயக் காய்ச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவார். அக்கம்பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் வேறு எதையோ காய்ச்சுவதாக நினைத்துக்கொண்டார்கள். கள்ளச்சாராயக் கெடுபிடி நடந்த சமயம். பாடாலூருக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாக மோந்து பார்த்தார்.

"சாராய வாடை அடிக்குது. யாருய்யா குடிச்சது?"

"வண்டிங்க."

"என்னய்யா, நக்கலா?"

"சத்தியமா வண்டிதாங்க. நான் காப்பியே ஒருவேளைதான் குடிப்பேன்."

"அப்ப வண்டிய ஊதச் சொல்லு."

பிரேசில் சாருக்குக் கிண்டல் எல்லாம் புரியாது. யாராவது ஒன்று சொன்னால் அதைச் செய்துவிடுவார். "பின்னாடி போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். கான்ஸ்டபிளின் தொப்பி சோளக்காட்டில் விழுந்தது. பர்மிட்டைக் காட்டி, தொப்பியைத் தேடிக் கொடுத்து, பிரேசிலைப் பற்றியும் முழுதாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கான்ஸ்டபிள் இந்த வண்டியைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாராம்.

கடைசியில் எண்ணெய் முடிவாயிற்று. மெட்ராஸில் ரேஸ் வண்டி பார்க்கும் ஒருவர், ஸ்பிரிட்டுக்கென்றே தயாரான எண்ணெய் ஒரு டின் வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். அது ரயிலில் அரியலூருக்கு வந்தது. அதற்குள் வண்டியிலிருந்த எண்ணெய் முழுக்க மோராகிவிட்டிருந்தது. "புது எண்ணெ வர்ற வரைக்கும் சாவியத் தொட மாட்டேன். இந்த எண்ணெயில வெரட்டுனா எஞ்சின் போயிடும், ரேஸும் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அரியலூருக்குப் பஸ்ஸிலேயே போனார். வரும்போது டின்னுக்கும் ஒரு டிக்கெட் வாங்கினாராம். "டின்னுக்கு எதுக்கு சார் டிக்கெட்டு?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "ஜன்னல் சீட்டாக் குடுங்க" என்றாராம்.

மறுநாள் குளித்து, பெட்டியிலிருந்து புது வேட்டி எடுத்துக் கட்டி, டின்னுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பழைய எண்ணெயை வடியவிட வண்டிக்கு அடியில் தாம்பாளத்தை வைத்தார்.

இனி எழுதப் போவதை நான் இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

அதே நேரத்தில் எங்கள் வீட்டில் பாப்பா வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு எதற்கோ சிரித்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. சிரிப்பு பாதியில் நின்று இருமலாக மாறியது. கடலை மூச்சுக்குழாயில் போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "ஒரு பக்கம் காத்தே போகலம்மா. எடுக்குற கருவி இங்க இல்ல. கடலை ஊறி உப்புச்சுன்னா கஷ்டம். உடனே திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். ஆஸ்பத்திரி வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அன்று கல்லங்குறிச்சித் தேர். ஊரிலிருந்த வாடகைக் கார் எல்லாம் அங்கே போய்விட்டன. என் கணவர் அரியலூர் சிமெண்டு ஆலையில் ஷிப்டில் இருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கே திரும்பி ஓடினேன். அவள் ஒவ்வொரு மூச்சும் ஓட்டைக் குழல் மாதிரி விசிலடித்தது.

பிரேசில் சார் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கையில் ஸ்பானர். எண்ணெய்த் தொட்டியின் அடைப்பை இன்னும் திறக்கவில்லை. அவர் வெளியே வந்து குழந்தையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டார். நான் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"எண்ணெ வடிஞ்சு, புதுசு ஊத்த எவ்வளவு நேரம் சார் ஆகும்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? ஏறுங்க டீச்சர்."

ஸ்பானரைக் கீழே போட்டார். தாம்பாளத்தைக் காலால் தள்ளினார். பாலாடை கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெட்ரோலைக் கையில் ஏந்தியே ஊற்றினார். "கண்ணு, எந்திரி" என்று அன்றைக்கு அவர் சொன்னது வண்டியைப் பார்த்தா, என் மடியில் கிடந்த பாப்பாவைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. வண்டி ஒரே இருமலில் எழுந்துவிட்டது.

அந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். புளியமரங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. பாடாலூர் பக்கத்தில் நம் கான்ஸ்டபிள் கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். சார் வேகத்தைக் குறைக்காமல் ஜன்னல் வழியாக, "கொழந்த! கொழந்த!" என்று கத்தினார். கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்தார். தூக்கிய கையை வீசிக்கொண்டு, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த செம்மறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து விரட்ட ஆரம்பித்தார்.

சமயபுரம் தாண்டியதும் எஞ்சினுக்குள் ஒரு தட்டல் கேட்டது. முதலில் கதவைத் தட்டுவது மாதிரி. பிறகு உரலில் இடிப்பது மாதிரி. இத்தனை நாள் வண்டி ஒரு தும்மல் போட்டாலும் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கிற மனிதர், அன்றைக்கு அது காதிலேயே விழாதவர் போல ஓட்டினார். "பாப்பா மூச்சு கேக்குதா டீச்சர்?" என்பார். "கேக்குது சார்" என்பேன். கொஞ்ச தூரம் போவோம். "கேக்குதா?" "கேக்குது." திருச்சிவரை அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய சத்தத்தோடு வண்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. நான் குழந்தையோடு உள்ளே ஓடினேன்.

கடலையை எடுத்துவிட்டார்கள். பாதிக் கடலை. அதை ஒரு பஞ்சில் வைத்து நர்சம்மா காட்டியபோது நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வராந்தாவில் பிரேசில் சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்பாடா" என்றார். பிறகு, "பிரேசில்ல கடலை நெறைய வெளையுமாம் டீச்சர். அங்க புள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்குறாங்கன்னு பாக்கணும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் அவர் வேட்டி கண்ணில் பட்டது. புது வேட்டி. முட்டியில் கொஞ்சம் மண். இடது ஓரத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது பிரேசில் அக்காவுக்குத்தான். கரும்பு லாரி ஒன்றில் கட்டி இழுத்து வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சார் இறங்கியதும் அக்கா முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, வேட்டியை. ஓரத்தை இழுத்துப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார்.

"என்னாங்க, எண்ணெ பாக்காமலா எடுத்தீங்க?"

"மோருன்னு தெரியும். பாத்து என்ன பண்றது?"

அக்கா வேட்டியை விட்டுவிட்டார். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

பட்டறை பாய் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக் குதறிக்கொண்டு கிடந்தன. எந்த உருதும் பேசாமல் தன் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டுப் போனார். அந்த வருஷ ரேஸுக்கு வண்டி போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. சந்தனம் வைத்த டின் பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. யார் கேட்டாலும் வண்டி பழசு, அதனால் நின்றுவிட்டது என்றுதான் சார் சொல்வார். பிறகு அவருக்கு வேறு ஆலைக்கு மாற்றலாகிவிட்டது. டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் லாரியில் ஏறிப் போனார்.

பாப்பா இப்போது பெரியவளாகிவிட்டாள். பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தூங்கும்போது மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் நான் படுக்கிறேன், திட்டுகிறாள். எங்கள் வீட்டில் கடலை வாங்குவதில்லை. இதெல்லாம் எந்தத் தாய்க்கும் இருக்கக்கூடியதுதான். இன்னொரு பழக்கம் எனக்கு மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எதிரில் வந்தால், முகத்தைப் பார்க்கும் முன்பே என் கண் வேட்டியின் இடது ஓரத்துக்குப் போய்விடுகிறது. தேன் நிறத்தில் ஒரு பொட்டு இருக்காதா என்று பார்க்கிறது.